விடுமுறைக் காலமும் தந்தை கடனும்

பெற்ற பிள்ளைக்குக் கல்வி கொடுத்தல் தந்தையின் கடன் என்பதை மறுப்பார் ஒருவருமிலர். அக்கடனை எவ்வாறு செலுத்துதல் வேண்டும் என்பதிலேயே கருத்து வேற்றுமை உண்டு. பாடசாலை நடைபெறுங் காலத்தில் இவ்வேற்றுமை வெளிப்படத் தோன்றுவதில்லை. பிள்ளை காலையிற் சென்று பிற்பகலில் மீளுகின்றது. தந்தையும் தன் கடன் எங்கேயோ ஒருவராற் செலுத்தப்படுகின்றது என்று மனம் அமைந்திருக்கின்றான். ஓகஸ்ட் மாத விடுமுறை வந்து பிள்ளைகள் நாள் முழுதும் வீட்டில் நிற்கும்பொழுதே கேள்வி பிறக்கின்றது.

அக்கேள்வி ஏனையோரினும் ஆசிரியராகிய நம்மையே மிகுதியும் வருத்துவது. தச்சன் வீட்டுக்கு வந்தால் உளியைக் கீழே வைத்துவிடலாம். நம்முடைய கருவியோ நாவும் கண்ணும்; அவற்றைக் கழற்றிவைத்தல் அரிது. நாம் பெற்ற பிள்ளைகளின் முன்னே நாம் தந்தையராய் இருத்தல் வேண்டுமா, ஆசிரியராய் இருத்தல் வேண்டுமா? இரண்டுமாய் இருத்தல் கூடாதோ எனின், கூடும். ஆயின் அவற்றுள் எது முதல், எது அதன் வழிப்பட்டது என்பது முன்னே துணியப்படல் வேண்டும்.

இதனைத் துணிதற்கு, ஒருநாளும் பாடசாலைக்கு அனுப்பப்படாது வீட்டிலே தந்தையாராற் கற்பிக்கப்பட்ட ஒருவருடைய வரலாறு பெரிதும் உதவும். ஜோன் ஸ்ரூவட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1806ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்தவர். அவர் தந்தையார் ஜேம்ஸ் மில், மகனுக்கு மூன்றாம் வயதிலே கிரேக்க பாஷையும் எட்டாம் வயதிலே இலத்தீன் பாஷையும் தாமே கற்பிக்கத் தொடங்கினார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர் ஜோன். தாம் கற்றவற்றைத் தம் தங்கையருக்கும் தம்பியருக்கும் கற்பித்தலும் அவர்மேற் சுமத்தப்பட்டது.

தந்தையார் இந்திய வரலாறு என்னும் பெருநூலை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையின் ஒரு பக்கத்திலே மகன் இருந்து கிரேக்கம் படித்தார். அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் இலத்தீனிலே பொருள் கூறின. சிறுவருக்கோ இலத்தீன் அப்பொழுது தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையாரைக் கேட்டார். பொறுமை சிறிதும் இல்லாதவராகிய அத்தந்தையார் அத்தனை இடையூற்றையும் பொறுத்து விடை கூறி, நூலையும் எழுதி முடித்தார். இந்தியாவைக் கண்ணாற் காணாமலும் அதன் பாஷை ஒன்றையும் அறியாமலும் எழுதிய அந்நூலிலே அவர் நம்மவரை இழித்துரைத்தார். அது வேறு கதை. மகன்பொருட்டு அவர் பட்ட பாடு மெய்யான பாடு என்பதை நாம் ஒப்புதல் வேண்டும்.

அவ்வீட்டிலே விடுமுறை என்பது இல்லை. உழைக்கும் வழக்கம் அறுந்து சோம்பலிற் சுவை பிறந்துவிடும் என்று தந்தையார் அஞ்சினார். 1814 முதல் 1817 வரை, தந்தையாரின் நண்பராகிய பென்தம் என்னும் பேரறிஞர் இங்கிலாந்தின் தென்மேற்கிலே போர்ட் அபே என்னும் பழைய துறவியர் மடமொன்றை வாடகைக்கு எடுத்து, ஆண்டிற் பாதியை அங்கே கழித்தார். மில் குடும்பத்தாரும் அவருடன் தங்கினர். நாட்டுப்புறம், கோடைக்காலம், பிள்ளைகள் நிறைந்த வீடு. ஆயினும் பாடம் நிற்கவில்லை.

1817இல் அங்கே விருந்தினராய்த் தங்கிய பிரான்சிஸ் பிளேஸ் என்பவர் கண்ட ஒருநாட் செய்தி கேட்கத்தக்கது. இளைய பிள்ளைகள் இருவர் பாடத்தைச் சரியாக ஒப்புவிக்கவில்லை. ஒரு மணிக்கு அவர்களுக்குச் சென்ற உணவு திரும்பிவந்தது. மூன்று மணிக்கும் அவர்கள் புத்தகத்தின் முன்னே இருந்தனர். அவர்களைத் தேறினர் என்று விட்ட குற்றத்திற்காகப் பதினொரு வயதினராகிய ஜோனும் உடன் இருந்தார். மாலை ஆறு மணி வரையும் மூவருக்கும் உணவில்லை. நேர்ந்த பிழை ஒரு சொல். பிளேஸ் அத்தந்தையாரின் கற்பிக்கும் முறையை மிகப் புகழ்ந்தவர். அவருங்கூடக் கடுமை அளவு கடந்தது என்றே எழுதினார்.

அதன் பயன் யாது? தம் காலத்தவரினும் கால் நூற்றாண்டு முற்பட்டுத் தாம் வாழ்க்கையைத் தொடங்கியதாக மில் பின்னாளிற் கூறினார். அது பொய்யன்று. ஆயின் 1826ஆம் ஆண்டு, இருபதாம் வயதிலே, தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இன்றே நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மைத்தாமே வினவினார். உண்டாகாது என்று உள்ளம் விடை சொல்லிற்று. பல மாதம் அவர் உள்ளம் வறண்டு கிடந்தது. அத்துன்பத்தைத் தந்தையாரிடஞ் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. பின்னர் மார்மொன்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் தம் தந்தையின் மரணத்தைக் கூறும் பகுதியைப் படித்தபொழுதுதான் கண்ணீர் வந்தது, சுமையுங் குறைந்தது. மகனைத் தம் மேசையருகே இருத்திக் கற்பித்த தந்தை உயிரோடிருக்கவும், மகன் அழுதது வேறொருவர் தந்தைக்காக.

அவர் இறந்த 1873ஆம் ஆண்டிலே வெளிவந்த சுயசரிதத்தில், பிள்ளைகள்பால் தந்தையாருக்குக் குறைவாயிருந்தது கனிவு என்று மில் கூறுகின்றார். பெற்ற தாயைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. ஆயின் போர்ட் அபேயின் அகன்ற மண்டபமும் நிழற்சோலையும் விழுகின்ற நீரின் ஒலியும் தம் உள்ளத்தை விரித்தன என்று நன்றியோடு நினைக்கின்றார். அவற்றைத் தந்தையார் பாடத்தில் வைக்கவில்லை. கோடைக்காலம் தானே கற்பித்த பாடம் அது.

இங்கே ஒரு தடை எழும். கண்டித்தலும் அருளே என்பது நம் சித்தாந்தமன்றோ. பெற்றார் பிள்ளையை அடித்துத் திருத்துதல் போல இறைவன் செய்யும் மறக்கருணையும் கருணையே என்று நூல்கள் கூறவில்லையோ எனின், கூறுகின்றன. ஆயின் மறக்கருணை கருணை என்று அறியப்படுவது, அறக்கருணையை முன்னே சுவைத்தவனாலேயே. தாயின் மடியை அறிந்த பிள்ளைக்குத் தாயின் கோபமும் அன்பாகும். மடியை அறியாத பிள்ளைக்குக் கோபம் கோபமேயாம். வீடு அம்மடியாதல் வேண்டும்.

இனி, ஜேம்ஸ் மில்லின் பிழைக்கு வேர் எது என்று நோக்குவோம். மனம் என்பது கருத்துக்களின் தொடர்ச்சியால் ஆக்கப்படுவது. ஆதலால் தக்க கருத்துக்களைத் தக்க முறையிற் புகுத்தினால் வேண்டிய மனிதனை ஆக்கிவிடலாம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைப்படி தந்தை குயவன், பிள்ளை களிமண். நமது சித்தாந்தமோ உயிர் அநாதி என்று கூறுகின்றது. பெற்றார் அவ்வுயிரைப் படைத்தாரல்லர். இறைவன் அதன் வினைக்கேற்பக் கூட்டிய உடம்புக்கு வாயிலாயினர். ஆகவே நம் வீட்டில் வளரும் பிள்ளை நாம் செய்த பொருளன்று. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஓர் உயிர். நாம் செய்த பொருளாயின் அது இன்னது என்று நமக்கு முன்னமே தெரியும். ஒப்புவிக்கப்பட்ட உயிரை அறிதற்கோ காலம் வேண்டும்.

மில் கிரேக்கந் தொடங்கிய அதே மூன்றாம் வயதிலேதான் சீகாழியிலே சம்பந்தப்பிள்ளையார் ஞானப்பால் உண்டார். தந்தையார் சிவபாதவிருதயர் குளத்தில் மூழ்கியிருக்க, கரையில் நின்ற பிள்ளையார் அழ, உமையம்மையார் பொற்கிண்ணத்திற் பால் ஊட்டினார். தந்தையார் கரையேறிப் பிள்ளையாரின் வாயிற் பாலைக் கண்டு வெகுண்டு, சிறுகோல் ஒன்றை ஓங்கி, தந்தவர் யார் என்று வினவினார். இதனை அற்புதம் என்று கூறிக் கடந்துபோதல் எளிது. தந்தையாகிய நமக்கு இதில் உள்ள பாடம் வேறு. கோலோடு வினவிய தந்தை, பிள்ளையின் விடையைக் கேட்டார். தாம் அறியாத ஓரறிவு, தம்மால் வாராத ஓரறிவு, தம் பிள்ளையிடம் உண்டு என்று கண்டார். கண்டபின் கோலை விடுத்துப் பிள்ளையைத் தம் தோளிலே சுமந்து தலந்தோறும் நடந்தார். ஓங்கிய கோல் தோளாக மாறியதே அவ்வீட்டில் நிகழ்ந்த கல்வி என்று கொள்ளுதல் பிழையாகாது.

நம் சமயநூல்கள் கூறும் நான்கு மார்க்கங்களை இதற்கு அளவாகக் கொள்ளலாம். சரியையாகிய தாசமார்க்கத்தில் உயிர் இறைவனுக்கு அடிமை போல் நிற்கின்றது; கிரியையாகிய சற்புத்திர மார்க்கத்தில் மகன் போல் நிற்கின்றது. பாடசாலையிலே மணியும் வரிசையும் கட்டளையும் இன்றியமையாதன. நாற்பது பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருக்குமிடத்துத் தாசமார்க்கம் குற்றமன்று, அது முதற்படி. வீட்டிலோ பிள்ளை மகனாகவும் மகளாகவும் நிற்றற்கு உரியது. கட்டளைக்கு அஞ்சியன்றி, இது என் தந்தையின் வீடு, இதன் வேலை என் வேலை என்று கருதிச் செய்வதே புத்திரனுக்கு அடையாளம்.

யான் இதனை நூலில் மாத்திரம் கற்றேனல்லேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொரொனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபொழுது, யானும் என் வீட்டு விறாந்தையைப் பாடசாலையாக்கினேன். நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன். எட்டு மணிக்குத் தேவாரம், எட்டரைக்குக் கணிதம். என் இளைய மகனுக்கு அப்பொழுது பதினொரு வயது. மூன்று வாரம் ஒழுங்காகவே நடந்தது. யானும் பெருமிதங் கொண்டேன். ஓரிரவு அவன் வயிற்றுவலியால் விழித்தெழுந்து என் படுக்கையருகே வந்து நின்று, பாடசாலையிலே மாணாக்கர் என்னை அழைக்குஞ் சொல்லாலேயே என்னை அழைத்தான். தூக்கக் கலக்கத்தில் வந்த சொல் என்று என் மனைவியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததும் நேரசூசியைக் கிழித்தேன்.

அதன்பின் அவன் படியாது விட்டானோ எனின், இல்லை. காலையில் என்னோடு பூக் கொய்தான். கொய்யும்பொழுது பூவின் பெயரைக் கேட்டான். தாயோடு இருந்து வீட்டுச் செலவைக் கூட்டினான். ஆடிப்பிறப்புக்குத் தன் பாட்டியோடு அமர்ந்து பனங்கட்டி உடைத்துத் தேங்காய் துருவி, கொழுக்கட்டைக்கு மா எவ்வளவு, பயறு எவ்வளவு என்று அளந்தான். யான் எழுதும் மேசையின் மறுபக்கத்தில் இருந்து தான் விரும்பிய புத்தகத்தைப் படித்து, தெரியாத சொல்லை என்னைக் கேட்டான். ஜேம்ஸ் மில்லின் முறையில் மிகச் சிறந்தது அந்த மேசைதான் என்று அப்பொழுது உணர்ந்தேன். உணவைத் தடுத்த கோடைக்கு அம்மேசை ஈடாகவில்லை என்பதே இரங்கத்தக்கது.

ஆசிரிய நண்பர்களே, விடுமுறைக்கு முன்னாளில் நாம் பிள்ளைகளின் பையில் கட்டுக்கட்டாக வைத்தனுப்பும் பயிற்சித்தாள்களை எண்ணிப்பாருங்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் விடுமுறையிலும் நடைபெறும் வகுப்புக்களை எண்ணிப்பாருங்கள். நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது, வீட்டிலே திருநீறு தரிக்கும் பிள்ளை பாடசாலையிலே வேறொன்று கற்றுத் தடுமாறாதிருத்தற் பொருட்டு. வீடு இருந்தது, அதற்கேற்ற பாடசாலை வேண்டியிருந்தது. இன்று பாடசாலை உண்டு. அதன் வேலையெல்லாம் வீட்டினுட் புகுந்து வீட்டை வீடாக இருக்க விடவில்லை.

கூலித்தொழில் செய்யும் பெற்றார் பிள்ளைக்கு என்ன கற்பிப்பர், விடுமுறையில் அப்பிள்ளை வீணாகாதோ என்று கேட்பர். நியாயமான கேள்வி. அப்பிள்ளைக்குப் பாடசாலை நூல்நிலையத்தின் கதவை விடுமுறையிலும் திறந்துவைத்தல் நம் கடன். ஆயின் அத்தந்தைக்குக் கற்பிக்க ஒன்றுமில்லை என்று எண்ணுதல் நம் அகந்தை. மழைக்குறி அறிந்தவனும், வலை முடையத் தெரிந்தவனும், கடன்பட்ட பணத்தைச் சொன்ன நாளிற் கொடுப்பவனும் பிள்ளைக்குக் கற்பிக்கப் பெரும்பொருள் உடையவரே. அவரோடு பிள்ளை இருக்க நாம் நேரம் விடுதல் வேண்டும்.

ஆடி அமாவாசையிலே தந்தையை இழந்தோர் கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்கி எள்ளுந் தண்ணீரும் இறைக்கின்றனர். நாமும் நம் தந்தையருக்காக அங்கே நின்றிருக்கின்றோம். நின்றபொழுது நம் நினைவில் வந்தது அவர் ஒப்புவிக்கச் சொன்ன வாய்பாடோ, நம்மைத் தோளில் ஏற்றிக் கோயில் வீதியில் திருவிழாக் காட்டியதோ என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்கலாம். நாளை நம் பிள்ளைகளும் அக்கரையில் நிற்பர். அன்று அவர்கள் நினைத்தற்கு உரியதை நாம் கொடுக்கும் காலம் இவ்விடுமுறையே.

திருச்சிற்றம்பலம்.