அடுத்த வீட்டுச் சாமியின் கதையில் ஒரு வேடம்

பிள்ளை பள்ளி இசைநாடகத்தில் நடிக்கப்போகிறது என்றதும் ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், படிப்பு கெடுமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 1968இல் லண்டனின் கோலெட் கோர்ட் பள்ளி மாணவர்கள் பாடுவதற்காக ஆண்ட்ரூ லாயிட் வெபரும் டிம் ரைஸும் 15 நிமிடப் பாட்டுத் தொடர் ஒன்றை உருவாக்கினார்கள். பின்னாளில் எத்தனையோ நாட்டுப் பள்ளிகள் மேடையேற்றிய யோசேப்பின் இசைநாடகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். கதை பைபிளின் ஆதியாகமத்தில் வருவது. குர்ஆனின் 12ஆம் அத்தியாயமும் இதே யோசேப்பாகிய யூசுப் நபியின் பெயர் தாங்கியது. சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் பிரெஸ்பிட்டீரியன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, அல் முத்தகீன் பள்ளிவாசல் இருக்கிறது, கிறிஸ்து அரசர் தேவாலயம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 31 பேர் பௌத்தர், 20 பேர் சமயம் சாராதவர், 19 பேர் கிறிஸ்தவர், ஏறக்குறைய 16 பேர் முஸ்லிம், 5 பேர் இந்து. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சைவ வீட்டுப் பிள்ளை, சிறையில் கிடக்கும் யோசேப்பாக நின்று, இஸ்ரவேலருக்கு அவர்களுடைய தேவன் தந்த வாக்கைப் பாடினால் அது வழிபாடா, பொய்யா, இரண்டும் இல்லாத வேறொன்றா?

பலரும் சொல்லும் பதில், ‘வெறும் நடிப்புதானே’ என்பது. பிள்ளையை நடிக்க அனுமதிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனாலும் இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நம் கூத்து மரபே இதை ஏற்காது. தெருக்கூத்தில் பாஞ்சாலியின் துகிலை உரியும் கட்டம் வந்ததும், துச்சாதனன் வேடக்காரர் பல ஊர்களில் ஆட்டத்தை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றுகிறார். எதிரே பாஞ்சாலியாக நிற்பவரை அம்மனாகவே கும்பிட்டுப் பிழை பொறுக்கச் சொல்லி வேண்டுகிறார். அதன் பிறகுதான் புடவையில் கை வைக்கிறார். சேலை கட்டி நிற்பவரும் பெரும்பாலும் ஓர் ஆண்தான், விடிந்தால் இருவரும் ஒன்றாக டீ குடிக்கப் போகிறவர்கள்தான் என்பது இருவருக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கற்பூரம் எரிகிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் மகாபாரதக் காட்சிகளில் வேடம் ஏற்கும் பக்தர்களைக் கேட்டுப் பாருங்கள், ‘வெறும்’ என்ற சொல்லை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேடத்துக்குக் கனம் உண்டு. கேள்வி அந்தக் கனத்தோடுதான் தொடங்க வேண்டும்.

கனம் உண்டு என்றால் அது நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடாதா? இதற்கு நம்மிடம் உள்ள பழைய சான்று சிலப்பதிகாரம். சமணத் துறவி என்று மரபு கருதும் இளங்கோ, ஆய்ச்சியர் குரவையில் திருமாலைப் பாடுகிறார், வேட்டுவ வரியில் கொற்றவையைப் பாடுகிறார், குன்றக் குரவையில் முருகனைப் பாடுகிறார். மூன்றும் ஆழ்ந்த பக்திப் பாடல்களாகவே அமைந்திருக்கின்றன. ஆய்ச்சியர் குரவையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மதுரை ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றியதும் மாதரி குரவைக் கூத்து நடத்துகிறாள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை இட்டு, குரல் என்னும் சுரத்தில் நிற்பவளை மாயவன் என்கிறாள், இளியில் நிற்பவளைப் பலராமன் என்கிறாள், துத்தத்தில் நிற்பவளைப் பின்னை என்கிறாள். அவர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். அதைக் காண இருப்பவள் கண்ணகி. அவள் கணவனையோ சமணச் சாவக நோன்பி என்று காப்பியம் சொல்கிறது. ஆடுகிறவர்களின் கடவுள் ஒன்று, எதிரே இருப்பவளின் வீட்டு நெறி வேறு, எழுதியவரின் நெறியும் வேறு. இதில் யாருடைய நம்பிக்கையும் குலைந்ததாக நாம் வாசிப்பதில்லை. இளங்கோ ஆய்ச்சியர் வாயில் அரைமனதாக ஒரு வழிபாட்டை வைத்திருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும். வழிபடுகிறவர் கடவுளோடு பேசுகிறார். மேடையில் நிற்பவர், கடவுளோடு பேசும் ஒரு மனிதரைப் பார்வையாளர் கண்முன் நிறுத்துகிறார். இரண்டிலும் வரும் சொற்கள் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அவை போய்ச் சேரும் இடம் வேறு.

இதற்கு வலுவான மறுப்பு பிளேட்டோவிடமிருந்து வருகிறது. இளமை முதல் தொடர்ந்து செய்யும் போலிசெய்தல் உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் பழக்கமாகி, இயல்பாகவே ஆகிவிடும் என்று ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில் அவர் எச்சரிக்கிறார். பௌத்த மரபிலும் ஒரு மறுப்பு உண்டு: புத்தரிடம் தாலபுடன் என்ற நடிகர் தலைவன், நடிகர்கள் இறந்தபின் நல்லுலகம் போவார்களா என்று மூன்று முறை கேட்கிறான். முதல் இரண்டு முறை கேட்க வேண்டாம் என்று தடுத்த புத்தர், மூன்றாம் முறை நரகம் என்று சொல்கிறார். இரண்டையும் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் புத்தர் சொல்லும் காரணம், நடிகன் பார்ப்பவரிடம் ஆசையையும் வெறுப்பையும் மயக்கத்தையும் மூட்டுகிறான் என்பது. இன்னொருவராக நிற்பதையே அவர் குற்றம் என்று சொல்லவில்லை. பிளேட்டோ சொன்னதும் உண்மைதான்: மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் 14 வயதுப் பிள்ளைக்குள் வேடம் ஊறும். யோசேப்பு வேடத்தில் ஊறுவது எது? தன்னைக் குழியில் தள்ளி விற்ற அண்ணன்மார் பஞ்சம் பிழைக்க வந்து நிற்கும்போது, அவர்களை மன்னிக்கும் ஒருவனின் மூச்சும் குரலும். 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது வெடித்த கலவரத்தை நினைவில் வைக்கத்தான் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுகின்றன. அன்று பிள்ளைகள் ஒருவர் உடையை மற்றவர் உடுத்தி வருவது நல்ல வழக்கம். ஆனாலும் ஒருநாள் உடுத்தும் உடை, பாடிப் பாடிப் பழகிய ஒரு வேடம் போகும் ஆழத்துக்குப் போகாது.

மறுப்பு கதைக்கு உரியவர்களிடமிருந்தும் வரலாம்: எங்கள் புனிதக் கதையில் நம்பிக்கையில்லாதவர் நிற்பதா? ஜெர்மனியின் ஓபராம்மர்காவ் கிராமம் 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்தி வருகிறது. 2022இல் அங்கே யூதாஸாக நடித்தவர் செங்கிஸ் கோரூர் என்ற முஸ்லிம் இளைஞர். கத்தோலிக்கப் பக்தி தொடங்கிவைத்த ஒரு நேர்த்திக்கடன் அதனால் சிறுத்துவிடவில்லை என்பதே என் எண்ணம். யூசுப் நபி விஷயம் வேறு. நபிமார்களை யாரும் நடித்துக் காட்டவே கூடாது என்பது இஸ்லாமிய அறிஞர் பலரின் உறுதியான நிலைப்பாடு. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை யோசேப்பாக நிற்க மாட்டேன் என்று சொன்னால் அதைக் குறுகிய மனம் என்று கடிந்துகொள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. வேடத்துக்குக் கனம் உண்டு என்று நான் சொல்வது உண்மையானால், அந்தப் பிள்ளையின் மறுப்புக்கும் அதே கனம் உண்டு. சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தன் சமயம் அல்லாத ஒன்றின் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கேற்க எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் விடுகிறது. நாடகம் வழிபாடு ஆகாது என்று வாதிட்டு ஒரு பள்ளி இந்தப் பிரிவைத் தாண்டிவிடலாம். தாண்டக் கூடாது என்பேன்.

ஆகவே பள்ளிகளிடம் கேட்பது மூன்று. வேடம் பிரிப்பதற்கு முன்பே பிரதியை வீட்டுக்கு அனுப்புங்கள். மறுக்கும் பிள்ளைக்கு ஒளியமைப்பிலோ இசைக்குழுவிலோ மதிப்பான இடம் கொடுங்கள். அதற்காக இணைப்பாட நடவடிக்கையில் அதன் மதிப்பைக் குறைக்காதீர்கள். பெற்றோரிடம் ஒன்றுதான். ஆசாரியனாகவோ பிக்குவாகவோ ராமனாகவோ வேடம் கிடைத்திருக்கிறது என்று பிள்ளை வந்து நின்றால், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிரதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். முடிவை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.