ரஞ்சும் கஞ்சும்

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள் என்கிறோம். பேஷ் இமாம் என்கிறோம். தர்கா என்கிறோம். ஓதிக்கொடுப்பவரை உஸ்தாது என்கிறோம். பாங்கு, பேஷ், தர்கா, உஸ்தாது ஆகிய நான்கும் அரபுச் சொற்கள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அவை பார்ஸியிலிருந்து வந்தவை. மார்க்கத்தின் மொழி அரபியென்றாலும், அது நம் நாட்டில் நடந்து வந்த பாதையில் பார்ஸியும் கூடவே வந்திருக்கிறது. அந்தப் பார்ஸியில் ஒரு பழமொழி உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பழமொழிதான். ஆனால் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பார்ஸியில் ‘ரஞ்ச்’ என்றால் பாடு, சிரமம். ‘கஞ்ச்’ என்றால் புதையல். எழுதிப் பார்த்தால் முதல் எழுத்து மட்டுமே வேறு; மற்ற இரண்டும் ஒன்றே. ரஞ்சைச் சுமக்காதவனுக்குக் கஞ்ச் கிட்டாது என்பது பழமொழியின் கருத்து. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷீராஸ் நகரத்து ஸஅதியின் பெயரோடு இது வழங்கி வருகிறது. அவருடைய குலிஸ்தானும் போஸ்தானும் இந்நாட்டு மதரஸாக்கள் பலவற்றில் நெடுங்காலம் பாடமாக இருந்தவை.

இதன் நேரான பொருளில் யாருக்கும் சந்தேகம் இராது. சோம்பேறிக்கு இது நல்ல மருந்து. ‘என் நஸீப் இவ்வளவுதான்’ என்று திண்ணையில் சாய்ந்திருப்பவனுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. தாவூது நபி (அலை) தம் கையால் உழைத்தே உண்டார்கள். மூஸா நபி (அலை) மத்யன் நகரில் ஆண்டுக்கணக்கில் கூலிக்கு வேலை செய்தார்கள். நபிமார்களே உழைப்பை இழிவாக எண்ணவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆனால் இந்தப் பழமொழியைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள் உண்டு. ‘பாடுபடாதவனுக்குப் புதையல் இல்லை’ என்பதை, ‘புதையல் இல்லாதவன் பாடுபடாதவன்’ என்று திருப்பி விடுகிறார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. விதைக்காதவன் அறுக்க மாட்டான் என்பது உண்மை. அதற்காக, அறுக்காதவனெல்லாம் விதைக்காதவன் என்று சொல்லலாமா? மழை பொய்த்தவனை என்ன சொல்வது?

இதை விளங்கிக்கொள்ள ஈரானுக்குப் போக வேண்டியதில்லை. மேற்கு மலையின் அடிவாரத்தில், இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூரைப் பார்த்தால் போதும். நெசவு அவ்வூர் முஸ்லிம்களின் பழந்தொழில். தறிக்குழியில் கால் வைத்து நாடாவை ஓட்டுகிறவர் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிவார். நூலைத் தாராகச் சுற்றுவது, பாவு ஓட்டுவது, அதற்குக் கஞ்சி போட்டுக் காய வைப்பது, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது என்று வீட்டிலுள்ள பெண்களும் முதியவர்களும் சேர்ந்து பாடுபட்டால்தான் ஒரு கைலியோ சேலையோ தறியை விட்டு இறங்கும். கூலியோ, நெய்தவர் பெயரில் மட்டும் எழுதப்படும்.

1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கியது. தமிழகமெங்கும் நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அந்த நாட்களில் அவர்களுடைய கை ஓய்ந்துவிட்டதா? கால் மிதிப்பதை நிறுத்தியதா? இல்லை. ரஞ்ச் முன்போலவே இருந்தது, கஞ்ச் வரவில்லை. கஞ்சிதான் மிஞ்சியது, அதுவும் பலருக்கு இல்லை. நூல் விலை, சந்தை, விசைத்தறி ஆகிய மூன்றும் நெசவாளியின் கைக்கு அப்பாற்பட்டவை. கைத்தறிக்கென்று 22 ரகங்களை ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. அந்த ரகங்களும் பிற்பாடு 11 ஆகக் குறைக்கப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து நெய்தவரிடம் போய், ‘நீ சரியாக உழைக்கவில்லை’ என்று பழமொழி சொல்பவருக்கு அல்லாஹ்வின் அச்சம் வேண்டாமா?

பிழைப்புத் தேடி அவ்வூரார் பலர் கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறி உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அங்கே இருந்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. இன்றும் அந்நாட்டில் உமறுப்புலவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் இயங்குகிறது. கடையநல்லூர் என்ற பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. அம்மியில் தேய்ந்த கைகளுக்குப் புதையல் கிடைத்ததா? அந்தக் கைகளுக்குக் கிடைத்ததோ இல்லையோ, பின்னால் வந்த பிள்ளைகளின் கையில் ஏடாக வந்து சேர்ந்தது.

ஆகவே, உழைப்பும் பலனும் கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குவது போன்ற கணக்கு அன்று. திருமறை இதை நமக்கு அழகாகக் காட்டுகிறது. பிரசவ வேதனையில் துவண்டிருந்த மர்யம் (அலை) அவர்களை, பேரீச்ச மரத்தைப் பிடித்து உலுக்கும்படி அல்லாஹ் பணித்தான். பலமுள்ள ஆண்பிள்ளை உலுக்கினாலும் பேரீச்ச மரம் அசையுமா? பழத்தை உதிர்த்தவன் அவன். ஆயினும் அவர்களுடைய கை மரத்தில் பட வேண்டும் என்று அவன் நாடினான். ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார்கள். ஸம்ஸம் பொங்கியது அவர்கள் ஓடிய வழியில் அல்ல. குழந்தை கிடந்த இடத்தில். ஓடியது அவர்கள் கடமை. கொடுத்தது அவன் அருள். அந்த ஓட்டத்தையே ஹஜ்ஜின் அமலாக்கி இன்றளவும் நம்மை ஓட வைத்திருக்கிறான்.

மனிதனுக்கு அவன் முயன்றதே உண்டு என்று கூறும் திருவசனத்தை அடுத்து, அவனுடைய முயற்சி பார்க்கப்படும் என்றும், அதற்குப் பூரணமான கூலி வழங்கப்படும் என்றும் வருகிறது. பூரணமான கூலி அங்கேதான். துன்யாவில் கிடைப்பது சிலருக்குக் கூடலாம்; சிலருக்குக் குறையலாம். குறைந்ததைக் கண்டு உழைத்தவனை இகழ்வதும், கூடியதைக் கண்டு ‘என் திறமையால் வந்தது’ என்று காரூனைப் போல் மார்தட்டுவதும் ஒரே நோயின் இரு அடையாளங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்வாரியத்திலும் மற்ற இலாகாக்களிலும் நாம் கேட்டுப் பழகிய ‘மஸ்தூர்’ என்ற சொல்லும் பார்ஸிதான். ‘மஸ்த்’ என்றால் கூலி. மஸ்தூர் என்றால் கூலிக்கு உரியவன். பாடுபட்டவனுக்குப் பலன் உண்டு என்று நாம் மெய்யாகவே நம்பினால், அந்தப் பலன் நம் கையில் அடைபட்டுக் கிடக்கக் கூடாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்றும் எச்சரித்தார்கள். கூலியை இழுத்தடிக்கும் முதலாளி தன் வேலையாட்களுக்கு இப்பழமொழியை உபதேசிக்க என்ன உரிமை இருக்கிறது?

எனவே பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு இப்பழமொழியைக் கற்றுக்கொடுங்கள். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் மொழியாகக் கற்றுக்கொடுங்கள். ஏழையைப் பார்த்து வீசும் கல்லாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், தறியில் உட்கார்ந்தவருக்கும், சுமை தூக்கியவருக்கும் உரிய கூலியை உங்கள் பிள்ளையின் கையாலேயே அன்றன்று கொடுக்கச் செய்யுங்கள். ரஞ்சுக்குக் கஞ்ச் உண்டு என்பதைப் புத்தகத்தைவிட அந்தக் கை நன்றாகப் படித்துக்கொள்ளும்.

உழைக்கும் கைகளில் அல்லாஹ் பரக்கத்தையும், கொடுக்கும் கைகளில் நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.