பருமனும் தன்னடக்கமும்

பருத்த உடலைக் கண்டதும், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். அத்தீர்ப்பு நீதியானதா?

குழந்தைப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரைப் பற்றிய டென்மார்க் ஆய்வொன்று 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களது உடற்பருமன் பெற்றோரையே ஒத்திருந்தது. உணவூட்டி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை.

1997இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். உடலில் கொழுப்பின் சேமிப்புப் போதுமென மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு, மரபணுக் குறைபாட்டால் அவர்களிடம் இல்லை. எவ்வளவு உண்டும் பசி தணியவில்லை. அவர்களுள் ஒரு சிறுமிக்கு அச்சுரப்பை ஊசி வழியே செலுத்தியபோது பசி அடங்கியது, எடையும் குறைந்தது. அவளது மனவுறுதியா மாறியது?

இத்தகைய குறைபாடு மிக அரிது. மரபே முழு விதி என்பதும் பொருந்தாது. ஓரிரு தலைமுறைகளுக்குள் பல நாடுகளில் பருமன் பெருகியுள்ளது. மரபணுக்கள் அத்துணை விரைவில் மாறுவதில்லை. மாறியவை உணவும் உழைப்புமே. ஆகவே தன்னடக்கத்திற்கு இடமுண்டு. ஆயினும் அதன் சுமை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. இயல்பாகவே பசி குறைந்தவர் தட்டைத் தள்ளிவைப்பது எளிது. ஓயாத பசியோடு போராடி ஒரு கவளத்தை விலக்குபவர், எடை குறையாவிடினும், அவரினும் மேலான அறத்தைச் செய்கிறார்.

போசனப்பிரியத்தைத் தலையான பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறோம். அது உண்பவரின் மனத்தைப் பற்றியது. மெலிந்தவரிடமும் குடியிருக்கக் கூடியது. உண்ணும்போது மட்டுமன்றி, பிறரைத் தீர்ப்பிடும்போதும் வாயைக் கட்டக் கற்போம்.