இருட்டிலே எழுந்து நடக்கிறவர்கள்



கத்திரி வெயில் காலத்தில் நம் செவிலிமேட்டில் ஒரு சாயங்காலம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பகலெல்லாம் அனல். பாலாற்று மணல் பக்கமிருந்து வருகிற காற்றும் சூடு. நாலு, ஐந்து மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று, பின்னாலேயே இடி, அரை மணி நேர மழை. எங்கேயோ ஒரு வேப்பமரம் கம்பியின்மேல் சாய்கிறது. கரண்ட் போய்விடுகிறது. சில நாள் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பெரிய காற்றாயிருந்தால் மறுநாளும் வராது, அதற்கு மறுநாளும் வராது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தறி போட்டிருக்கிற வீடு. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்பார். அறுந்த பட்டு இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வெளிச்சம் வேண்டாமா? தறிக்குழியில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் கால் வைத்து மிதிக்க முடியுமா? வேலை நின்றது. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. காலையில் அரைத்த மாவு பொங்கிப் புளித்துவிட்டது. பாட்டியம்மாவுக்கு இன்சுலின் மருந்து. ஃபிரிட்ஜ் வேலை செய்யாததால் மருமகள் அதை ஒரு டப்பாவில் மூடி, ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருக்கிறாள். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கொசு ஒருபக்கம்.

இரவு மணி ஒன்று. அந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள்? அந்தத் தாய். ஒரு கையில் பனையோலை விசிறி. கை வலித்தால் அடுத்த கைக்கு மாற்றிக்கொள்கிறாள். வீட்டுக்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "எப்பதான் விடுவானுங்களோ" என்று ஈ.பி.காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கையில் செல்போன், சார்ஜ் எட்டு பர்சென்ட். தெருமுனைக் கைப்பம்பில் நாலு குடம் அடித்துக் கொண்டுவந்தது யார் என்று கேட்காதீர்கள். அதுவும் அவள்தான்.

யாத்திராகமம் 10-ஆம் அதிகாரத்தில் எகிப்தின்மேல் வந்த காரிருளைப்பற்றி வாசிக்கிறோம். மூன்று நாள் இருட்டு. அந்த மூன்று நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே எல்லாரும் முடங்கிப்போனார்கள். பிரியமானவர்களே, இருட்டுக்கு இந்த வல்லமை உண்டு. அது மனுஷனை உட்கார வைத்துவிடும். அடுத்தவன் இருக்கிறான் என்பதையே மறக்கப்பண்ணும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதியை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்போது செங்கல்பட்டுப் பகுதியும் காஞ்சிபுரம் மாவட்டத்தோடுதான் இருந்தது. ஆயிரக்கணக்கில் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்தன. பல இடங்களில் நாள்கணக்காய் இருட்டு. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று நவம்பர் 8-ல் அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை. கார்டு தேய்த்து வாங்கலாமென்றால் கடையில் கரண்ட் இல்லை. ஆனாலும் அது குளிர்காலம். ஃபேன் இல்லாமல் தூங்க முடிந்தது.

கோடையில் வந்தது ஃபானி. 2019 ஏப்ரல் கடைசி வாரத்தில் வங்கக்கடலில் உருவான இந்தப் புயல் தமிழ்நாட்டின் வடகரைக்கு வரக்கூடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த வருஷம் கொடிய தண்ணீர்ப் பஞ்சம். ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததை உலகமே பார்த்தது. ஆகவே மழை வேண்டும் என்று ஜெபித்தவர்களும் உண்டு, புயல் வேண்டாம் என்று ஜெபித்தவர்களும் உண்டு. புயல் வடக்கே திரும்பியது. மே 3-ஆம் தேதி காலை ஒடிசாவில் புரிக்குப் பக்கத்தில் கரையேறியது.

1999-ஆம் வருஷத்துப் பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் அது. இந்தத் தடவை புயல் வருமுன்னே ஏறக்குறைய 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. ஆனால் மின்சாரம்? புரியைச் சுற்றிலும் வாரக்கணக்கில் வரவில்லை. கத்திரி வெயிலில், புழுக்கத்தில், குழந்தைகளோடும் வயதானவர்களோடும்.

"கர்த்தர் புயலை நம்மைவிட்டுத் திருப்பினார், அல்லேலூயா" என்று சாட்சி சொல்லுகிறோம். ஸ்தோத்திரம் செலுத்துவதைக் குறை சொல்ல நான் யார்? தப்பினவன் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் தேவபிள்ளையே, அது திரும்பிய பக்கம் காலி நிலமா? அங்கேயும் ஒரு தாய் கையில் விசிறியோடு விழித்திருந்தாள். அங்கேயும் சபைகள் உண்டு, அவர்களும் முழங்காலில் நின்றுதான் ஜெபித்தார்கள். அவர்களுடைய விசுவாசம் நம்முடையதைவிடக் குறைவு என்று சொல்ல உங்களுக்குத் துணிவுண்டா? எனக்கில்லை. புயல் ஏன் அங்கே போயிற்று என்பதற்கு என்னிடம் பதிலும் இல்லை. அடுத்தவனுடைய இருட்டை மறந்துவிட்டுச் சொல்லுகிற சாட்சி பாதிச் சாட்சி என்பதுமட்டும் எனக்கு நிச்சயம்.

அப்போஸ்தலர் 27-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். பெருங்காற்று. அநேக நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கப்பலில் 276 பேர்: போர்ச்சேவகர், மாலுமிகள், கைதிகள். பெரும்பாலும் பவுலின் தேவனை அறியாதவர்கள். தேவதூதன் இரவிலே வந்து பவுலுக்குச் சொன்ன செய்தி என்ன? உன்னை மாத்திரம் தப்புவிப்பேன் என்றா? இல்லை. கூடப் பிரயாணம் பண்ணுகிற அத்தனை பேரையும் தேவன் அவருக்குத் தந்தருளினார். பவுல் என்ன கேட்டு ஜெபித்திருப்பார் என்பதை இதிலிருந்து நாமே யூகிக்கலாம்.

அந்த அதிகாரத்திலேயே இன்னொரு காரியம். மாலுமிகள் நங்கூரம் போடுகிற பாவனையில் சின்னப் படகை இறக்கி, தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்த்தார்கள். பவுல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும், சேவகர் கயிற்றை அறுத்துப் படகைப் போகவிட்டார்கள். இன்றைக்கு நம் வீட்டு இன்வெர்ட்டரும் சில சமயம் அந்தப் படகாகிவிடுகிறது. இன்வெர்ட்டர் வைப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வதைச் சொல்லுகிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் மருந்து உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கட்டுமே! நாலு வீட்டுப் போன் உங்கள் ஹாலில் சார்ஜ் ஏறட்டுமே!

பவுல் அந்த இருட்டில் நீண்ட பிரசங்கம் பண்ணவில்லை. பதினாலு நாளாய்ச் சரியாகச் சாப்பிடாதவர்களைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, தானும் புசித்தார். எல்லாரும் தைரியப்பட்டார்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் அடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்த வந்தவர்களில் கேரளத்து மின்வாரிய ஊழியர்களும் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் அவர்களுடைய மாநிலம் பெருவெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம்தான் ஆகியிருந்தது! தங்கள் வீட்டு இருட்டு போனதும் அடுத்தவன் வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விசுவாசிகள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. எழுந்து வந்தார்கள், அது போதும்.

ஆகவே லைன்மேனைத் திட்டுகிற வாயை அடக்குங்கள். முதலில் சப்-ஸ்டேஷன், அப்புறம் பெரிய லைன், அப்புறம் டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் தெருக்கம்பி. அறுந்த கம்பி ஒன்று தண்ணீரில் கிடக்கும்போது அவசரப்பட்டு கரண்ட் விட்டால் உயிர் போகும். கீழே விழுந்த கம்பியைத் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டு லைனில் நேரே சொருகக் கூடாது. அந்தக் கரண்ட் கம்பி வழியாய்த் திரும்பிப்போய், மேலே நிற்கிறவரைக் கொன்றுவிடும். அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

வீட்டுக்காரரே, இன்றிரவு அந்த விசிறியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும். காலையில் குடத்தை நீர் எடும். அவள் கொஞ்சம் தூங்கட்டும்.

அப்புறம் ஒருநாள் "கரண்ட் வந்துடுச்சு!" என்று தெருவே சத்தம் போடும். ஃபேன் சுற்றும், மோட்டார் ஓடும். நம் தெருவுக்கு வந்த அதே நேரத்தில் பின்தெரு இன்னும் இருட்டாயிருக்கும், ஏனென்றால் அது வேறு டிரான்ஸ்பார்மர். அப்போது தொட்டியை நிரப்பிக்கொண்டு, இரண்டு குடம் தண்ணீரும் சார்ஜ் ஏற்றின எமர்ஜென்சி லைட்டும் எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போங்கள். விசுவாசியின் வீடா என்று பார்த்துக் கதவைத் தட்டவேண்டாம்.

பரலோகப் பிதாவே, இந்த இரவில் கம்பத்தின்மேல் நிற்கிற ஒவ்வொருவரையும் காத்தருளும். கையில் விசிறியோடு விழித்திருக்கிற தாய்மாருக்குப் பெலன் தாரும். பின்தெருவுக்கும் வெளிச்சம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.