பறிபோனதும் கொடுத்ததும்

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்கிறவருக்கு நேரும் உபாதைகளைச் சொல்லும்போது, குமட்டலையும் சோர்வையும் வாய்ப்புண்ணையும் இரத்த அணுக்கள் குறைவதையும் முதலில் சொல்லிவிட்டு, தலைமயிர் உதிர்வதை வைத்தியர்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள்; உயிருக்கு அதனால் அபாயம் இல்லையாதலால் அவ்வரிசை நியாயமானதே. ஆனால் என் தமக்கையாருக்கு மார்பில் அந்த வியாதி கண்டு, நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று அஞ்சிச் சொல்லும் மருந்தை ஏற்றத் தொடங்கிய நாட்களில், மற்ற வேதனைகளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த அவர், குளியலறையில் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றதற்குக் காரணம் தம் கூந்தலே என்று கண்ட அன்றுதான் வாய்விட்டு அழுதார். அந்த அழுகையை அலங்கார ஆசை என்று எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே இத்தகைய மருந்துகளின் தொழில். நம் தலைமயிரில் ஏறக்குறைய 90 சதவீதம் எந்தச் சமயத்திலும் வளர்ந்துகொண்டே இருப்பதாலும், அதன் வேரிலுள்ள அணுக்கள் ஓயாமல் பெருகுவதாலும், நோயின் அணுவென்றும் மயிரின் அணுவென்றும் பேதம் அறியாத மருந்து இரண்டையும் தாக்கிவிடுகிறது. முதல் முறை மருந்தேற்றிய 2 அல்லது 3 வாரங்களில் உதிரத் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்பே, தலையணையில் சாய்ந்தாலும் நோகும்படி என் தமக்கையாருக்குத் தலை முழுதும் வலித்தது. பிறகு புருவமும் இமைமயிரும் போயின. நெற்றி வியர்வை தடையின்றிக் கண்ணுக்குள் இறங்கியபோதுதான், புருவம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று என்று எங்களுக்கு விளங்கிற்று. மருந்தேறும் வேளையில் தலையைக் குளிரவைத்து, இரத்த நாளங்களைச் சுருக்கி, மருந்து வேருக்குப் போவதைக் குறைக்கும் தொப்பி ஒன்று உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இல் அதற்கு அனுமதி அளித்தது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. எங்களுக்கு அது கிட்டவும் இல்லை.

வியாதி சரீரத்துக்குள் மறைந்திருக்கும்வரை, அதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாதிருப்பது என்பது நோயாளியின் சுதந்திரம். மயிர் போனதும் அந்தச் சுதந்திரமும் போய்விடுகிறது. பால்காரரும் பக்கத்து வீட்டாரும் கேளாமலே தெரிந்துகொள்கிறார்கள். நம் நாட்டிலோ பெண்ணின் மழித்த தலைக்குக் கொடியதொரு சரித்திரமும் உண்டு. கணவனை இழந்த பெண்ணை, சில குலங்களில், மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்த வழக்கத்தை எங்கள் பாட்டி கண்ணாரக் கண்டவர். தலையினின்று வீழ்ந்த மயிரை வள்ளுவரே இழிவுக்கு உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். இத்தனையும் மனத்தின் அடியில் கிடக்க, “முடிதானே, வளர்ந்துவிடும்” என்று வருகிறவர்களெல்லாம் சொல்லும் சமாதானம், மெய்யே ஆயினும், துக்கப்படுகிறவரின் வாயை அடைப்பதற்கே பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதே நாட்டில்தான் திருப்பதியிலும் பழனியிலும் சமயபுரத்திலும் பெண்கள் தாங்களாகவே போய் உட்கார்ந்து, முழுக் கூந்தலையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலர்ந்த முகத்தோடு திரும்புகிறார்கள். மொட்டைத் தலை ஒன்றுதான். பறிபோவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள தூரமோ மிகப் பெரிது. இதை யாரும் சொல்லாமலே என் தமக்கையார் உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். அழுத மறுநாள் காலையில், “தம்பி, இதைத் தினமும் பொறுக்கிக்கிட்டு இருக்க என்னால ஆகாது, முடிவெட்டுறவரைக் கூட்டிட்டு வா” என்றார். கீறல் பட்டால் கிருமி தொற்றும், சவரக்கத்தி வேண்டாம் என்று வைத்தியர் எச்சரித்திருந்தபடியால், மெஷின் வைத்தே எடுக்கச் செய்தோம். அவர் கண்ணாடியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

டோப்பா ஒன்றும் வாங்கினோம். சித்திரை வெயிலில் அதற்குள் வேர்த்துக் கொட்டி அரிப்பெடுக்கும். ஆகையால் கல்யாணங்களுக்கு மட்டும் அதை அணிந்து, மற்ற நேரங்களில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டார். திருமலையில் செலுத்தப்படும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்பதும், அது கடல் கடந்து போய் டோப்பாவாவதும் உலகறிந்த விஷயம். யாரோ ஒருத்தியின் பிரார்த்தனை தம் தலையில் இருக்கிறதோ என்று அவர் ஒருநாள் கேட்டார். கோயில் வாசலில் அறியாதவள் ஒருத்தி, “எந்தக் கோயில்ல முடி இறக்குனீங்க?” என்று விசாரித்தால், “திருப்பதி” என்றே பதில் சொல்வார். அந்தப் பொய்யை நான் குறையாக நினைத்ததில்லை. கேட்டவளிடமிருந்து தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழி ஏது?

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மயிர் முளைத்தது. முன்னே நேராக இருந்தது இப்போது சுருள் சுருளாக, பாதி நரையாக வந்தது. அப்படி மாறி வருவதும் வழக்கமே என்றார்கள். மகள் பிழைத்தெழுந்தால் அவள் முடியைப் பழனியில் இறக்குவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். தோள்வரை வளர்ந்ததும் அதை நினைவூட்டினார். “போன முடியை முருகன் கணக்குல வச்சுக்கட்டும் அம்மா, இது எனக்கு வேணும்” என்றார் தமக்கையார். அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கிருத்திகைக்கு என்னை அழைத்துக்கொண்டு பழனிக்குப் போய், தம்முடைய வெள்ளை முடியை இறக்கிவிட்டு வந்தார்.