சாபமும் பொறுப்பும்: ஓநாய்மனிதன் கதைகள் எழுப்பும் வினா

ஓநாயாக உருமாறும் மனிதன் பற்றிய கதை ஐரோப்பிய மக்களிடையே மிகப் பழையது. உரோமப் புலவர் ஒவிட் கூறும் லைக்கேயோன் என்னும் அரசன், விருந்தாக வந்த கடவுளுக்கு மனித இறைச்சியைப் படைத்தமையால் ஓநாயாகின்றான். உருவம் மாறியதேயன்றி அவன் இயல்பு மாறவில்லை. கொடியவன் தன் கொடுமைக்கேற்ற உடலைப் பெற்றான். ஆங்கு அறச்சிக்கல் ஏதுமில்லை. குற்றஞ் செய்யாதவன் மீது சாபம் விழும்போதே மீட்சி பற்றிய வினா உண்மையில் எழுகின்றது.

வேல்ஸ் நாட்டவரான ஜெரல்ட் என்பார் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்து பற்றி எழுதிய நூலில் இத்தகைய கதையொன்று உண்டு. இரவில் காட்டிலே தங்கிய குருவானவர் ஒருவரை ஓநாயொன்று அணுகி, அஞ்சவேண்டாம் என மனிதமொழியிற் பேசுகின்றது. நத்தாலிஸ் என்னும் மடத்தலைவரின் சாபத்தால், ஒசொரி மக்களுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏழாண்டுக்கு ஒருமுறை ஓநாயுருவில் ஊரைவிட்டு நீங்கவேண்டும். இப்போது துணைவி இறக்குந் தறுவாயில் இருக்கின்றாள். அவளுக்கு மரணவேளைக்குரிய நற்கருணை வேண்டும். குருவானவர் தயங்குகின்றார். ஆண் ஓநாய் தன் துணையின் தோலைத் தலையிலிருந்து தொப்புள்வரை உரித்துக் காட்டுகின்றது. உள்ளே இருப்பவள் ஒரு மூதாட்டி. அதன்பின்னரே நற்கருணை வழங்கப்படுகின்றது.

இங்கு சாபநீக்கம் கேட்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. கேட்கப்பட்டது மனிதர்க்குரிய மரணம். எனவே சோதனைக்குள்ளானவர் ஓநாயன்று, குருவானவரே. இத்தகைய விலங்கைக் கொல்வது கொலையாகுமா என ஜெரல்டும் வினவுகின்றார். நம் மொழியிற் சாபவிமோசனம் வேறு, கழுவாய் வேறு. முன்னையது பிறர் அளிப்பது. பின்னையது செய்தவன் தானே தேடுவது. ஒசொரி மூதாட்டிக்குக் கழுவாய் தேடவேண்டிய குற்றமே இல்லை.

ஆனால் அவ்வுருவில் ஒருவன் கொலை புரிந்தால்? 1941இல் வெளிவந்த 'ஓநாய் மனிதன்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்விடத்தையே தொடுகின்றது. திகிற்படந்தானே என ஒதுக்குவோர் உளர். அது அவசரத் தீர்ப்பு. லாரி டால்பட் ஓநாயால் தாக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காக்க முயன்றே கடிபடுகின்றான். நற்செயலே சாபத்துக்கு வாயிலாகின்றது. பின்னர் அறிவிழந்த நிலையில் ஒருவனைக் கொல்கின்றான்.

குடிவெறியிற் குற்றமிழைத்தவன் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. வெறி அறியாமையைத் தந்ததாயினும் குடியாதிருத்தல் அவன் கையில் இருந்தது. டால்பட்டுக்கு உருமாறாதிருத்தல் கையில் இல்லை. ஆகவே முதற்கொலைக்கு அவனைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. எனினும் தான் மாறுவான் என அறிந்த கணத்திலிருந்து வேறொரு பொறுப்பு தொடங்குகின்றது. தன்னாற் பிறர்க்கு நேரக்கூடியதைத் தடுக்க அவன் என்ன செய்தான் என்பதே இனிக் கேட்கவேண்டியது. அவன் ஊரைவிட்டு ஓட முயல்கின்றான்; தன்னைக் கொல்லவல்ல வெள்ளிப்பிடிக் கைத்தடியை எடுத்துச் செல்லுமாறு தந்தையை வற்புறுத்துகின்றான். அத்தடியாலேயே தந்தை அவனை அடித்துக் கொல்கின்றார். அவனது மீட்சி அந்த அடியில் இல்லை, தடியைத் தந்தையிடம் ஒப்படைத்த மனிதப்பொழுதில் இருக்கின்றது என்பேன்.

இவ்வாய்வுக்கு அடங்காத ஒருவனும் உளன். 1691இல் லிவோனியாவில் நீதிமன்றத்தின் முன் நின்ற தீஸ் என்னும் முதியவன், தான் ஓநாய்மனிதன் என ஒப்புக்கொண்டான்; ஆயின் அதைச் சாபமென ஏற்கவில்லை. தாம் கடவுளின் வேட்டைநாய்கள் என்றும், சூனியக்காரர் கவர்ந்த விளைச்சலை நரகிலிருந்து மீட்பவர்கள் என்றும் வாதிட்டான். மதகுருவை அழைத்து மனந்திரும்பச் சொன்னபோதும் மறுத்தான். மன்னிப்புக் கேட்க அவனிடம் ஒன்றுமில்லை. கசையடியும் நாடுகடத்தலுமே 1692இல் அவனுக்குக் கிடைத்த தீர்ப்பு.