இன்னும் ரெண்டு ஓவர்

தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது. நாட்டுக்கே பட்டாசு செய்து அனுப்பும் சிவகாசிக்கும் அதே கணக்குத்தான். எட்டு மணி ஆனதும் பெரியவர்களுக்கே மனசு வருவதில்லை. "இது ஒண்ணு மட்டும்" என்று இன்னொரு புஸ்வாணத்தைப் பற்றவைக்கிறோம். அதே வாயால் பிள்ளையை, "ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டியா?" என்று அதட்டுகிறோம்.

என் அக்கா மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனச் சிக்கல் உண்டு. எதிலும் நிலைத்து உட்கார மாட்டான் என்பது ஊர்ப் புகார். வீட்டுக்குள் பெரும்பாடு வேறு: பிடித்த ஒன்றில் இறங்கிவிட்டால் அவனை எழுப்ப முடியாது. கவனம் அவனிடம் நிறைய இருக்கிறது, வேண்டும்போது அதைத் திருப்பத்தான் வரவில்லை. இத்தகைய குழந்தைகளுக்குக் காலம் கடப்பது புலப்படுவதில்லை என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி. "பத்து நிமிஷத்துல கிளம்பணும்" என்பது காதில் விழுகிறது, அந்தப் பத்து நிமிடம் கரைவது தெரிவதில்லை. அதனால் எத்தனை முறை முன்கூட்டிச் சொன்னாலும் "போதும், வா" அவன் தலையில் திடீரென்றுதான் விழுகிறது.

கம்பி மத்தாப்போடு மட்டும் அவனுக்குச் சண்டையே இல்லை. எவ்வளவு எரிந்தது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணெதிரே தெரிகிறதே! நேரத்தைச் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று அதில்தான் பிடிபட்டது. இப்போதெல்லாம் தீபாவளி இரவுக்கான வெடிகளை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வைக்கிறோம். தட்டு காலியாவதை அவனே பார்க்கிறான். தெருக் கிரிக்கெட்டில் "அஞ்சு நிமிஷம்" என்பதில்லை, "இன்னும் ரெண்டு ஓவர்" என்பதுதான் பேச்சு.

முடிவு தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்து எங்கே என்பதும் தெரிய வேண்டும். பங்குனிப் பொங்கலையொட்டி விருதுநகரில் நடக்கும் பொருட்காட்சியில், ராட்டினத்தடியில் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகலாம்" என்றால் எந்தப் பிள்ளை வரும்? வீட்டில் இருப்பது தூக்கம்தானே. "மாப்ள, எண்ணெய் பரோட்டா எத்தனைன்னு கடையில நீதான் சொல்லணும்" என்றால் கால் நகர்கிறது.

"இது லஞ்சம் இல்லையாடா, தம்பி?" என்றாள் அக்கா. அழுது புரண்ட பிறகு கொடுத்தால் லஞ்சம்தான். உள்ளே நுழையும்போதே சொல்லிவைத்து, கையில் ஒரு பொறுப்பையும் கொடுத்தால் அது வழிகாட்டுவது. சில நாள் அதுவும் பலிக்காது. அப்போது விளக்கம் எதுவும் சொல்லாமல், அழுகை அடங்கும்வரை பக்கத்தில் நிற்பதோடு சரி.

"பெரியவனானா யாருடா தட்டுல எடுத்து வைப்பா?" என்பது அவளுடைய அடுத்த கவலை. அவனே வைத்துக்கொள்வான் என்று நம்புகிறேன். இப்போதே, "மாமா, ரெண்டு ஓவர் போட்டுட்டு வர்றேன்" என்று அவனாகச் சொல்லிவிட்டுத்தான் மட்டையைத் தூக்குகிறான். ரெண்டு சில நாள் நாலாகிறது. ஆகட்டும், கணக்கைத் தொடங்கியது அவன்.